நோவும் தணிய வேண்டும். மூச்சும் நிலைக்க வேண்டும்

நோவைத் தணித்தல் வைத்தியத்தின் தலையாய கடமைகளுள் ஒன்று. வயிற்றைக் கீறிச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவனும், புற்றுநோயால் நைந்தவனும், தீயால் உடல் வெந்தவளும் முதலில் வேண்டி நிற்பது நோய் நீக்கத்தையன்று, நோ நீக்கத்தையே. அத்தகைய கடுநோவுக்கு மோர்பினும் அதன் இனத்து மருந்துகளும் நாளத்தின் வழியே கொடுக்கப்படுகின்றன. நோவை அடக்கும் அதே மருந்து அளவு மிஞ்சின் மூச்சையும் அடக்கிவிடும். இதனை வைத்து இரு சாரார் இரு வழியிற் பிழை செய்கின்றனர். ஒரு சாரார் அச்சத்தினால் மருந்தைக் கொடாது நோயாளனைத் துடிக்க விடுகின்றனர். மறு சாரார் பொறியிற் பூட்டிக் கொடுத்துவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். இவ்விரண்டையும் நாம் கண்டிக்கின்றோம்.

முதலாவது பிழை சிறிதன்று. போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்தவே எழுந்த 1961ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையும், நோவைத் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதன என்பதைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மோர்பின் இடம்பெற்றது. எனினும் நடந்தது யாது? லான்செற் ஆணைக்குழு 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டொன்றில் உலகெங்கும் பகிரப்பட்ட இவ்வின மருந்துகள் மோர்பின் கணக்கில் 298.5 தொன். அதில் மிக வறிய நாடுகளுக்குக் கிட்டியது 0.1 தொன் மட்டுமே! வறியவனுக்கு நோவைப் பொறுப்பதும் விதிக்கப்பட்டதோ என நாம் கேட்கின்றோம்.

இனி இரண்டாவது பிழைக்கு வருவோம். இம்மருந்து உயிரைக் கொள்வது ஓசையின்றியே. நோயாளன் அலறுவதில்லை, உறங்குகின்றான். உறக்கம் ஆழ்கின்றது, மூச்சு தளர்கின்றது, கரியமிலவாயு குருதியிற் பெருகுகின்றது. "பாவம், நோ தீர்ந்து நன்றாய்த் தூங்குகின்றான்" என்று சுற்றத்தார் மகிழ்ந்திருக்கும் வேளையே ஆபத்து நெருங்கும் வேளையாகவும் இருக்கக்கூடும். ஒட்சிசன் கொடுக்கப்படும் நோயாளனிடத்து, விரலில் மாட்டும் கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்புதலும் ஆகாது. மூச்சு குன்றிய பின்னரும் அவ்வெண் நெடுநேரம் நல்லதாகவே தோன்றும்.

ஐக்கிய அமெரிக்காவில், சத்திரசிகிச்சைக்குப் பின் இவ்வாறு மூச்சுக் குன்றியமை பற்றிய 92 நட்டஈட்டு வழக்குகளை ஆராய்ந்து 2015இல் முடிவு வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு 88 முதல் 24 மணித்தியாலத்துள் நேர்ந்தவை. நூற்றுக்கு 97 கவனிப்புச் செம்மையாயிருந்திருப்பின் தவிர்க்கக்கூடியனவாயிருந்தவை. இவை விதியின் விளையாட்டல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தடுக்கும் வழிகள் மறைபொருளல்ல. நோயாளன் தானே பொத்தானை அழுத்தி மருந்து பெறும் பொறியில், ஒரு தடவை பெற்றபின் குறித்த நிமிடங்கள் கழியும் வரை மறுதடவை கிடையாத பூட்டு உண்டு. அதனிலும் பெரிய காவல் ஒன்று இயற்கையாகவே அதில் அமைந்துள்ளது. உறக்கம் மிகுந்தவன் பொத்தானை அழுத்தமாட்டான். இரக்கம் மிகுந்த உறவினர் அவனுக்காக அழுத்தும்போது அக்காவல் தகர்கின்றது. இம்மருந்துக்குப் பழகாத உடலுக்கு, பொத்தானுக்கு மேலாக இடையறாது ஓடும் மருந்தையும் சேர்த்தல் ஆபத்தைப் பெருக்கும். மோர்பின் மில்லிகிராமிலும் பென்ரனில் மைக்கிரோகிராமிலும் அளக்கப்படுபவை. ஒன்றுக்கு மற்றொன்றாக எழுதினால் பிழை ஆயிரம் மடங்காகும். ஆகவே மருந்து, செறிவு, வேகம், ஆள் ஆகிய நான்கையும் இரு தாதியர் தனித்தனியே சரிபார்த்தல் வேண்டும். சேலைன் குழாயுடன் இணைக்குமிடத்து மருந்து பின்னோக்கி ஏறாவண்ணம் ஒருவழி வால்வு வேண்டும். இல்லையேல் ஊசி அடைபட்ட வேளை குழாயில் தேங்கிய மருந்து, அடைப்பு நீங்கியதும் ஒருசேரப் பாயும்.

சிறுநீரகம் கெட்டவர், முதியவர், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர், தூக்க மாத்திரை உண்பவர் ஆகியோர் இரட்டிப்புக் கவனத்துக்குரியோர். மாற்று மருந்தான நலொக்சோன் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். அதன் வலு மோர்பினின் வலுவுக்கு முன்னரே தீர்ந்துவிடுமாதலின், கண் விழித்துவிட்டான் என்று காவலைத் தளர்த்துதல் கூடாது.

இத்தனைக்கும் மேலாக, தாதி நோயாளனை அழைத்துப் பார்க்க வேண்டும். அவன் விழிக்கின்றானா, தெளிவாய் விடை பகர்கின்றானா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கணித்தலே முதற் காவல். இங்கேதான் நம் நாட்டுக்கேயுரிய கேள்வி எழுகின்றது. எம்மொழியில் அழைப்பது? நோவின் அளவை நோயாளனன்றி வேறெவரும் சொல்ல இயலாது. தமிழ்த் தாயொருத்தி தன் நோவைச் சொல்ல, கேட்பவருக்கு அது விளங்காதாயின், மருந்து குறைந்து துடிப்பாள், அன்றேல் மருந்து மிகுந்து மாய்வாள். குழறும் சொல் மயக்கத்தின் அறிகுறி. மொழி தெரியாதவருக்குக் குழறலும் தெளிவும் ஒன்றே. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. அது நோயாளியின் கட்டிலருகே வந்து சேராத வரை ஏட்டுச் சுரைக்காயேயாகும்.

ஆதலின் நாம் சுகாதார அமைச்சிடம் கேட்பன சில. இம்மருந்து ஏறும் விடுதிகளில் இரவிலும் போதிய தாதியரை நிறுத்துக. நோ அளவையும் மயக்க அளவையும் குறிக்கும் தாள்களை நோயாளரின் மொழியில் தருக. "நோயாளர் தவிர வேறெவரும் பொத்தானை அழுத்தலாகாது" என்பதை மும்மொழியிலும் பொறியிலேயே ஒட்டுக. பொறி வாங்கப் பணம் ஒதுக்குவோர், அதனைக் காக்கும் கண்களுக்கும் ஒதுக்குதல் வேண்டும்.

நோவின்றிக் கிடப்பது நோயாளனின் உரிமை. விடியும்போது உயிருடன் கண் விழிப்பதும் அவனது உரிமையே. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிக்க எவருக்கும் அதிகாரமில்லை.