பெட்டியில் வந்த பீரோ!

சென்னையில் வீட்டைப் புதுப்பிக்காத தெரு எது? மொசைக் தரைக்கு மேல் டைல்ஸ். கடப்பைக்கல் அலமாரியை உடைத்துவிட்டு 'மாடுலர்' அடுப்படி. ஆபீஸ் குமாஸ்தாவும் செய்கிறார். சந்தில் மளிகைக் கடை வைத்திருப்பவரும் செய்கிறார். கடனோ உடனோ வாங்கித்தான்!

தப்பில்லை. இருக்கிற வீட்டில் வசதியாக இருக்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

ஆனால் வாசலில் வண்டி வந்து அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகிறதே, அப்போதுதான் கூத்து ஆரம்பம். பீரோவுக்குப் பணம் கட்டியவர் கைக்கு வந்தது நாலைந்து பலகை, ஒரு பை நிறைய திருகாணி, 'ட' மாதிரி வளைந்த ஒரு சாவி. மீதி வேலை வாங்கியவர் தலையில்!

இந்த வித்தை பெரிதாக வளர்ந்தது ஸ்வீடனில். 1956-ல் ஐகியா கம்பெனி ஊழியர் கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேசையைக் காரில் ஏற்றப் பார்த்தார். ஏறவில்லை. காலைக் கழற்றிவிட்டார்! மேசை ஏறியது, வியாபாரமும் ஏறியது. அந்தக் கம்பெனி 2018-ல் ஐதராபாத்திலும் 2022-ல் பெங்களூரிலும் கடை திறந்தது. நம்ம ஊர்க் கம்பெனிகளும் அதே பாணியில் பெட்டி கட்டுகின்றன. பெட்டி சிறுத்தால் லாரி வாடகை குறையும், விலையும் குறையும். அதெல்லாம் நியாயமே.

சிக்கல் எங்கே? அளவில்!

பெட்டி மில்லிமீட்டரில் வருகிறது. சுவர் அடிக்கணக்கில் நிற்கிறது. அடுப்படிப் பெட்டி ஒன்றின் அகலம் பெரும்பாலும் 600 மி.மீ. அதாவது 2 அடிக்குக் கொஞ்சம் குறைச்சல். 12 அடிச் சுவருக்கு ஆறு பெட்டி வைத்தால் 3,600 மி.மீ.; இரண்டேகால் அங்குலம் மிச்சம். சபாஷ்! ஆனால் பழைய வீட்டுச் சுவர் 12 அடி என்று பத்திரத்தில்தான் இருக்கும். பூச்சும் டைல்ஸும் தின்றது போக 11 அடி 9 அங்குலம் என்றால்? 3,581 மி.மீ.தான். முக்கால் அங்குலம் இடிக்கிறது. ஆறாவது பெட்டி நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது!

"ஒரு பக்கம் முக்கால் அங்குலம் அறுத்துடுங்க ஆசாரி!" என்கிறார் வீட்டுக்காரர். அங்கேதான் வினை.

அது தேக்கு அல்ல. பிளைவுட்டும் அல்ல. மரத்தூளையும் சிராய்களையும் பசையில் பிசைந்து அழுத்திய 'பார்ட்டிக்கிள் போர்டு'. மேலே வழவழப்பான தாள், ஓரத்தில் ஒரு பட்டை. அறுத்த இடத்தில் உள்ளே பார்த்தால் ரஸ்க் மாதிரி இருக்கும். தண்ணீர் பட்டால் உப்பும். உப்பினது மறுபடி வற்றாது. தவிர, பலகைகளைப் பூட்டும் சின்னச் சக்கரத்துக்குக் கம்பெனி 15 மி.மீ. குழி போட்டு அனுப்பியிருக்கிறது. அறுத்தால் அந்தக் குழியின் கணக்கே போச்சு. கண்ணளவில் புதுக் குழி போட்டால் கதவு கோணும், ஆணி பிடி விடும்.

கைதேர்ந்த ஆசாரி என்ன செய்கிறார்? பெட்டியைத் தொடுவதே இல்லை! ஐந்து பெட்டியை அப்படியே வரிசையாக நிறுத்துகிறார். மிச்சம் 581 மி.மீ.; ஏறக்குறைய 23 அங்குலம். அந்த இடத்துக்கு பிளைவுட்டில் ஒரு திறந்த ரேக் அடித்து விடுகிறார். சம்புடத்துக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் இடமாச்சு. ஆறாவது பெட்டிக்குக் காசு கொடுக்காமலே தப்பித்திருக்கலாம், பெட்டி வாங்கும் முன்பு அவரைக் கூப்பிட்டிருந்தால்! சுவரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, எது குறைச்சலோ அதை வைத்து வாங்குவதுதான் அவர்கள் வழக்கம். அறுத்தே தீரவேண்டும் என்றால் நுண்பல் ரம்பம், அறுத்த ஓரத்துக்கு உடனே புதுப் பட்டை. பட்டை ஒட்டாத ஓரம் ஒரு மழைக்காலம் தாங்காது.

மழை என்றதும் நினைவுக்கு வருவது 2015 டிசம்பர். பிறகு 2023 டிசம்பரில் மிச்சாங் புயல். தண்ணீர் வடிந்த பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தெருவெல்லாம் ஊறிப்போன கட்டிலும் பீரோவும்தான். வெள்ளம் வேண்டாம், தினம் வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் வீட்டுக்கே அந்தப் பலகை ஆகாது. நாலு அங்குல பிளாஸ்டிக் கால் மாட்டித் தூக்கி நிறுத்தவேண்டும். தொட்டிக்கு அடியில் வரும் பெட்டியை மட்டுமாவது ஐ.எஸ். 710 முத்திரை போட்ட பிளைவுட்டில் செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

கேஸ் சிலிண்டரைப் பெட்டிக்குள் அடைத்துக் கதவு போடுகிறார்கள். அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தங்கும். கதவின் அடிப்பக்கம் காற்றோட்டத்துக்கு ஓட்டை இல்லாத பெட்டி வெடிகுண்டுக்குச் சமம்!

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பெட்டியோடு வரும் சின்ன இரும்புப் பட்டை. பீரோவைச் சுவரோடு பிடித்துக் கட்ட அதைக் கொடுக்கிறார்கள். "இது எதுக்கு?" என்று குப்பையில் போடுகிறவர்கள் எத்தனை பேர்! 2016-ல் அமெரிக்காவில் ஒரே கம்பெனியின் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்ப வாங்க நேர்ந்தது. ஏன்? சுவரில் கட்டாமல் விட்டால் குழந்தைகள் மேல் சாய்ந்துவிடும் என்பதால். உயிர்ப்பலியும் நடந்திருந்தது. இழுப்பறையை இழுத்து அதில் காலை வைத்து ஏறாத குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது? அதிலும் சுண்ணாம்புப் பூச்சு போட்ட பழைய சுவர் என்றால் பையில் வரும் குட்டிப் பிளக் பிடிக்காது. செங்கல் வரை போகும் நீள ஆணி வேண்டும்.

வாங்குகிறவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. கடைக்காரர் 'மரம்' என்கிறார். என்ன மரம்? பில்லில் 'வார்ட்ரோப் - 1' என்று ஒரு வரி! பலகை எந்த ரகம், கனம் எத்தனை மி.மீ., எந்த ஐ.எஸ். நம்பர், எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத் தமிழில் அச்சடித்துத் தருவதில் என்ன நஷ்டம்? சுவரில் கட்டாமல் கடை ஆள் போகக்கூடாது என்று ஒரு விதி வைத்தால் யார் கெட்டுப்போவார்கள்? இதை அரசு கேட்கவேண்டும். கேட்காதவரை வாங்குகிறவர் கேட்கவேண்டும். சொல்ல மறுக்கும் கடையில் முன்பணம் எதற்கு?

ஏமாந்தவர் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. 1915 என்ற நம்பரில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடக் கட்டணமே கிடையாது. பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் நாலு படம் எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்வது நல்லது. உப்பிய பலகையை மட்டும் காட்டினால், "நீங்க தண்ணி ஊத்திட்டீங்க சார்!" என்பார்கள்.