பிறவி வரம் என்ற சாக்கு

'குழந்தைகளுக்கு எழுதுவதும் வரைவதும் பிறவியிலேயே வரவேண்டும். பயிற்சியால் வராது' என்று சிலர் வாதிடுகிறார்கள். பாராட்டுப்போலத் தெரியும் இந்தப் பேச்சு, ஆர்வத்தோடு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, மாரிஸ் செண்டாக் 1963-இல் வெளியிட்ட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' என்ற குழந்தைகளுக்கான படப்புத்தகம் முதலில் காட்டுக்குதிரைகளைப் பற்றிய கதையாகத்தான் இருந்தது. அவருக்குக் குதிரை சரியாக வரைய வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து அதே கதைக்குத் திரும்பி, குதிரைகளுக்குப் பதிலாகப் பூதங்களை வரைந்தார். அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் படம் சிறியது, சுற்றிலும் வெள்ளை. பக்கம் திருப்பத் திருப்பப் படம் வளர்கிறது. பூதங்கள் ஆட்டம் போடும் பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. இது திட்டமிட்ட கட்டுமானம்.

டாக்டர் சூஸின் 'த கேட் இன் த ஹேட்' (1957) என்ற குழந்தைகள் புத்தகம் வெறும் 236 வெவ்வேறு சொற்களில் எழுதப்பட்டது. அதற்கு அவர் பல மாதங்கள் மல்லுக்கட்டினார்.

ஆகவே, எழுத விரும்புகிறவர்கள் வரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். தாளை மடித்து 32 பக்க மாதிரிப் புத்தகம் செய்யுங்கள். எந்த வரியில் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு இடறும் சொல்லை வெட்டுங்கள். படம் சொல்லிவிட்டதை எழுத்தில் திரும்பச் சொல்லாதீர்கள். ஒரே பாத்திரத்தை எல்லாக் கோணங்களிலும் அடையாளம் மாறாமல் வரையப் பழகுங்கள். இவை அத்தனையும் கற்றுக்கொள்ளக் கூடியவை. கற்காமல் எழுதுவது குழந்தைகளுக்குச் செய்யும் அவமரியாதை.