உரத்த குரல் மட்டும் போதாது



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது மலையகத்தின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்தே நின்றுபோயின. நான் சென்றுவரும் ஒரு தோட்டத்தில், மண்சரிவுக்கு அப்பாலிருந்த லயத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மூன்று நாட்களாகத் தெரியவில்லை.

இனி இப்படி நேரக்கூடாது என்று அங்குள்ள மகளிர் சங்கத்தினர் தீர்மானித்தார்கள். சேமிப்புப் பணத்தில் தமக்கென ஒரு வயர்லெஸ் வலையமைப்பை அமைப்பதே அவர்களுடைய எண்ணம். அதில் ஒவ்வொரு பெட்டியும் செய்தியை வாங்கி அடுத்த பெட்டிக்குக் கடத்தும். இன்ரநெற் அறுந்தாலும் தமக்குள் செய்தி பரிமாறலாம்.

“மிஸ், பவர் கூடுனத வாங்குனா ரொம்ப தூரம் போகும்னு கடையில சொல்றாங்க. வாங்கிறலாமா?” என்று தலைவி கேட்டார்.

சமூகவியல் படித்த எனக்கு உடனே பதில் தெரியவில்லை. தேடி வாசித்தபோதுதான் நேபாளத்தின் நாங்கி கிராமத்தைப் பற்றி அறிந்தேன். மியாக்தி மாவட்டத்து மலைக்கிராமம் அது. மகாபீர் புன் என்ற ஆசிரியர் 2002இல் மலிவான வயர்லெஸ் கருவிகளைக் கொண்டு அங்கு இணைப்பு ஏற்படுத்தத் தொடங்கினார். கோபுரம் கட்டப் பணமில்லாததால் அன்ரனாக்களை உயர்ந்த மரங்களில் கட்டினார்கள். பின்னாளில் கிராமத்தவர் நகரத்து வைத்தியர்களிடம் ஆலோசனை பெறவும் அந்த இணைப்பு உதவியது. 2007இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை சில. சக்தி கூடிய பெட்டி உரத்துப் பேசும். ஆனால் மறுபக்கத்தின் மெல்லிய குரல் அதற்குக் கேட்க வேண்டுமே! நல்ல அன்ரனா வாயாகவும் காதாகவும் வேலை செய்கிறது. எனவே பணத்தை அதிலே போடுங்கள். லயங்களுக்கிடையே சுற்றிலும் பரப்பும் அன்ரனா போதும். தூரத்து மலைக்கு, ஒன்றையொன்று குறிபார்க்கும் இரண்டு அன்ரனாக்கள் வேண்டும்.

அடுத்தது பாதை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் 10 கிலோமீற்றர் தூரத்தை இணைக்க, நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 10 மீற்றர் இடைவெளி வேண்டும். ஈர இலைகள் அலையை விழுங்கிவிடும்.

மின்சாரம் நின்றால் பெட்டியும் நின்றுவிடும். ஆகவே சூரியத் தகட்டுக்கும் பற்றரிக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். எந்த அலைவரிசையை, எவ்வளவு சக்தியில் பாவிக்கலாம் என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டறிந்த பின்னரே வாங்குங்கள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் இரு குழுக்களாகப் பிரிந்து, முகம் பார்க்கும் கண்ணாடியோடு எதிரெதிர் மலைகளில் ஏறினோம். வெயிலில் கண்ணாடியை அசைத்தும் மினுக்கம் தெரியவில்லை; இடையில் யூகலிப்டஸ் மரங்கள். கோவில் மேட்டுக்கு மாறியதும் பளிச்சென்று தெரிந்தது. முன்பு நினைத்த இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியை வைத்திருந்தாலும் பணம் வீண்தான்.

“மொதல்ல ஒரு சோடி மட்டும் வாங்கிப் பாப்போம் மிஸ்” என்றார் தலைவி. அவருடைய மகளும் இன்னும் இரு பெண்களும் பழுதுபார்க்கப் பழகிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். உங்கள் சங்கமும் கடைக்குப் போகுமுன் ஒரு கண்ணாடியோடு மலையேறிப் பார்க்கட்டும்.