சனிக்கிழமை வயிற்றுவலி

போன வருசம் என்ர மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. ஒஸ்லோவில் குளிர் இன்னும் விடவில்லை. நானும் மனைவியும் மகளும் ஒரு பக்கம், அவளுடைய வகுப்பாசிரியை மறுபக்கம். நான் கொப்பியும் பேனையுமாகப் போயிருந்தேன்.

ஆசிரியை எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மகளின் பக்கம் திரும்பினார். இடைவேளையில் யாரோடு விளையாடுகிறாய், வகுப்பில் உனக்கு எப்போது நன்றாக இருக்கிறது, எப்போது நன்றாக இல்லை என்று கேட்டார். 9 வயதுப் பிள்ளை யோசித்து யோசித்துப் பதில் சொல்லுது. அவர் அவசரப்படுத்தவில்லை. பாதி நேரம் இப்படியே போனது. எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டே விட்டேன்: "கணக்கில எப்படி? வகுப்பில எத்தனையாவது பிள்ளை?"

அவர் கோபப்படவில்லை. அப்படி ஒரு வரிசை தங்களிடம் இல்லை என்றார். பிறகு சொன்னார்: "வகுத்தல் கணக்கு அவளுக்கு விளங்கவில்லை. அவளே வந்து என்னிடம் சொன்னாள். இப்போது சேர்ந்து செய்துகொண்டு வருகிறோம்."

எனக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு பின்னேரமும் நான் "கணக்கு விளங்குதோ?" என்று கேட்பேன், அவள் "ஓம் அப்பா" என்பாள். விளங்கவில்லை என்பதை, அவள் பேர் சொல்லிக் கூப்பிடுகிற, எங்கட இனமோ மொழியோ இல்லாத ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்குக் காரில் வரும்போது ஒருவரும் கதைக்கவில்லை.

நோர்வேயில் பிள்ளைகளைப் படிக்க விட்டிருக்கிற எல்லாருக்கும் இந்தச் சந்திப்பு தெரியும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தொடர்பாசிரியர் இருக்க வேண்டும், அரையாண்டுக்கு ஒரு முறையாவது பெற்றோரோடு இருந்து பேச வேண்டும் என்பது சட்டப்படியான கடமை. 1 முதல் 7ஆம் வகுப்பு வரை புள்ளிகள் கிடையாது. 8ஆம் வகுப்பில்தான் 1 முதல் 6 வரையான தரங்கள் தொடங்கும். 6 தான் உச்சம். (ஜெர்மனியில் இருக்கிற சொந்தக்காரருக்கு "பிள்ளைக்கு 6 வந்திருக்கு" என்று சொல்லி அவர்களைப் பயப்படுத்திய கதை எங்கள் வீட்டிலும் உண்டு. அங்கே 1 தான் உச்சம், 6 என்றால் படு தோல்வி.)

பிரம்பு இந்த நாட்டின் ஆரம்பப் பள்ளிகளிலிருந்து 1936லேயே சட்டத்தால் வெளியே போய்விட்டது. இலங்கையில் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்தது 2005ல். அதற்குப் பிறகும் பிரம்பு போனதா என்று ஊரில் பிள்ளைகள் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கட ஆக்கள் இந்தப் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கதைக்கிறது எனக்குத் தெரியும். நானும் அப்படிக் கதைத்தவன்தான். "இஞ்ச என்னத்தைப் படிப்பிக்கினம்? காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் சொசேஜ் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு வருகினம்." இந்தக் குறையில் முழுப் பொய் இல்லை. 2001 கடைசியில் முதலாவது பீசா சோதனையின் முடிவுகள் வந்தபோது நோர்வே அதிர்ந்தது. அதன் பின்னால்தான் தேசியச் சோதனைகள் வந்தன. 2022 பீசாவிலும் கணிதமும் வாசிப்பும் 2018ஐ விடக் கீழே போயின. ஆசிரியர் அன்பாக இருந்தால் வாய்ப்பாடு தானாக மனப்பாடமாகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொரு பிழை எங்கட பக்கம் நடக்கிறது. இந்த ஆசிரியர்கள் மிக மெதுவாகப் பேசுவார்கள். "இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுத்தால் நல்லது" என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னால், நாங்கள் "பிள்ளை கெட்டிக்காரி, கொஞ்சம்தான் குறை" என்று எடுத்துக்கொண்டு வருவோம். அவர் சொன்னது, பிள்ளை பின்னுக்கு நிற்குது, உடனே கவனியுங்கள் என்பது. ஊரில் வாத்தியார் கத்தினால்தான் விசயம் பெரிசு என்று பழகின காதுக்கு இது பிடிபட வருசங்கள் எடுக்கும். ஆகவே அடுத்த சந்திப்பில் நேரே கேளுங்கள்: "இந்த வயதுக்கு எதிர்பார்க்கிற அளவில் நிற்கிறாளா, கீழே நிற்கிறாளா?" அப்படிக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

ஆனால் அந்த வகுத்தல் கணக்குத்தான் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. விளங்கவில்லை என்று ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! பேச்சு வாங்க வேண்டி வரும், மற்றப் பிள்ளைகள் சிரிக்கும், வீட்டுக்குச் செய்தி போகும் என்றால் எந்தப் பிள்ளை சொல்லும்? சொல்லாத பிழையை எந்தக் கெட்டிக்கார ஆசிரியராலும் திருத்த முடியாது. நம்பிக்கை என்பதைப் பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கிற விசயமாகத்தான் நான் நினைத்திருந்தேன். அது படிப்பிக்கிற வேலையின் பாதி என்று 40 வயதுக்கு மேலேதான் எனக்கு விளங்கியது.

எங்களில் பல வீடுகளில் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிற ஒரு வசனம் உண்டு: "வீட்டுக் கதையைப் பள்ளியில சொல்லாத." சிறுவர் நலத்துறை பற்றிய பயம் அது. பிள்ளைக்கு வீட்டில் கடுமையான தீங்கு நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் ஆசிரியர் அறிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. பிள்ளைகளைப் பற்றிய கதைகள் காதில் விழுந்து தூக்கமில்லாமல் இருந்த தாய்மாரை எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வசனத்தால் பிள்ளைக்கு என்ன போய்ச் சேருகிறது என்று பாருங்கள். பகல் முழுக்கத் தன்னோடு இருக்கிற பெரிய ஆளிடம் வாயைத் திறக்கக் கூடாது, வீட்டில் திறந்தாலும் பேச்சு விழும். அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் யாரோ அடித்தால் யாரிடம் சொல்லும்? இங்கே பள்ளியில் தனக்குப் பாதுகாப்பாக இல்லை என்று பிள்ளை உணர்ந்தாலே போதும், பள்ளி விசாரித்து நடவடிக்கை எடுத்தாக வேண்டும். பள்ளி செய்யாவிட்டால் மேலே முறையிடலாம். அந்தச் சட்டம் முழுவதும் பிள்ளை வாய் திறப்பதில்தான் தங்கியிருக்கிறது.

இனி எனக்குச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன்.

நான் பல வருசமாகச் சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறவன். சம்பளம் கிடையாது. என்னோடு படிப்பிக்கிற சிலர் வெள்ளி இரவு டாக்சி ஓடிவிட்டு, கண் எரிய எரியக் காலையில் வந்து நிற்பார்கள். ஒரு வகுப்பில் 20க்கு மேல் பிள்ளைகள். ஒன்று வீட்டில் அம்மம்மாவோடு தமிழில் சண்டை பிடிக்கிற பிள்ளை, இன்னொன்று "தண்ணி" என்ற சொல்லோடு தமிழ் முடிகிற பிள்ளை. ஆண்டுத் தேர்வுக்குப் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும். இதையெல்லாம் சாட்டாகச் சொல்லவில்லை, நிலைமை இதுதான்.

சில வருசத்துக்கு முதல் என்னிடம் 8 வயதுப் பையன் ஒருவன் படித்தான். "மழை" என்று எழுதியிருந்ததை "மலை" என்று வாசித்தான். நான் எழும்பி நிற்கச் சொன்னேன். திரும்பச் சொல்ல வைத்தேன். ஐந்து தரம். அவனுக்கு நாக்கு மடியவில்லை. "வீட்டில அம்மா அப்பா தமிழ் கதைக்கிறேல்லையோ?" என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தன. நானும் பகிடியாகத்தான் கேட்டேன் என்று அப்போது நினைத்தேன். பொங்கல் விழாவுக்குப் பிறகு அவன் வரவில்லை.

பல மாதம் கழித்துத் தமிழ்க் கடையில் அவனுடைய தாயைக் கண்டேன். முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நின்றா. "அண்ணா, குறை நினைக்காதேங்கோ" என்று தொடங்கினா. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் பிள்ளைக்கு வயிற்றுவலி. டொக்டரிடம் காட்டியும் ஒன்றும் இல்லை. ஒரு திங்கட்கிழமை அவனுடைய நோர்வே ரீச்சர், வார இறுதி எப்படிப் போனது என்று எல்லாப் பிள்ளைகளையும் கேட்டபோது இவன் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறான். ரீச்சர் பிறகு தனியக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறா. அவவுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். ரீச்சர்தான் தாய்க்குத் தொலைபேசி எடுத்திருக்கிறா.

"எனக்குக்கூட அவன் சொல்லேல்ல அண்ணா" என்றா. அந்தத் தாய் இரவில் அலுவலகம் துப்புரவு செய்கிற வேலை செய்பவ. நான் வகுப்பில் கேட்ட கேள்வியின் பதில் அதுதான். வீட்டில் தமிழ் கதைக்க ஆசையில்லாமல் இல்லை, பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை. இப்போது அவன் வீட்டிலும் தமிழில் கேட்டால் நோர்வே மொழியில்தான் பதில் சொல்கிறானாம்.

நான் ஒரு பிள்ளைக்கு ழகரம் சொல்லிக் கொடுக்கப் போய், மொத்தத் தமிழையும் பறித்து அனுப்பியிருக்கிறேன்.

இதைச் சொன்னால் சிலர், "வெள்ளைக்காரரின்ர பழக்கத்தை எங்கட பள்ளிக்குள்ளயும் கொண்டு வரப் போறியளோ?" என்பார்கள். நான் பிரம்பிலும் குட்டிலும் படித்தவன். ஆனால் எனக்கு நினைவில் நிற்கிற ஆசிரியர் வேறொருவர். 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது நாங்களும் தென்மராட்சிக்குப் போனோம். அங்கே மீசாலையில் ஒரு மாமரத்துக்குக் கீழே, தானும் இடம்பெயர்ந்து வந்த ஒரு வாத்தியார் எங்களைக் கூட்டி வைத்துப் படிப்பித்தார். வாங்கும் இல்லை, கரும்பலகையும் இல்லை. ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் ஒவ்வொருவராகக் கேட்பார்: "சாப்பிட்டியே?" இல்லை என்று சொல்ல எங்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. சாப்பிடாதவனை வாசிக்கச் சொல்லி அவர் எழுப்பியதே இல்லை. மகளுடைய ஆசிரியை அந்த மேசையில் கேட்ட கேள்வி எனக்கு ஏன் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது என்று கொஞ்ச நாள் கழித்துத்தான் பிடிபட்டது.

எங்கள் சனிக்கிழமைப் பள்ளிகளுக்கு வாரத்தில் கிடைப்பது சில மணி நேரம்தான். நோர்வேப் பள்ளிக்கு ஐந்து நாள். அங்கே பிள்ளைக்கு ஒரு ஆசிரியரோடு பிணக்கு வந்தால் மற்ற நாள் சரிக்கட்டலாம், பிள்ளை எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும். எங்களிடம் வராமல் விட்டால் யாரும் கேட்க முடியாது. பயப்படுத்திப் படிப்பிக்கிற வசதி எங்களுக்கு இல்லை. 13, 14 வயதில் காற்பந்தா தமிழா என்று பிள்ளை தெரிவு செய்யும் நாள் வரும். அன்றைக்கு அவனை வகுப்பில் இருத்தி வைப்பது அங்கே அவனுக்காக ஒரு ஆள் இருக்கிறார் என்ற எண்ணம் மட்டும்தான். சான்றிதழுக்கு அந்தப் பலம் இல்லை.

நிர்வாகங்களிடம் நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. ஒவ்வொரு தவணையும் ஒவ்வொரு பிள்ளையோடும் ஆசிரியர் 10 நிமிடம் இருந்து பேச நேரம் ஒதுக்குங்கள். புள்ளியைப் பற்றியில்லை, பிள்ளையைப் பற்றி. பாடத்திட்டத்தில் ஒரு பாடம் குறைந்தால் குறையட்டும். எல்லார் முன்னாலும் பிழை திருத்துவதை நிற்பாட்டுவோம். நோர்வேச் சொல் கலந்து கதைத்தால் முதலில் அந்தப் பிள்ளை சொல்ல வந்ததைக் கேட்டுவிட்டு, தமிழ்ச் சொல்லைப் பிறகு கொடுப்போம். பேச்சுப் போட்டி இருக்கட்டும், விருப்பமுள்ள பிள்ளைகள் ஏறட்டும். அழுதுகொண்டு மேடை ஏறுகிற 5 வயதுப் பிள்ளையைக் கைபேசியில் படம் எடுக்கிற பழக்கத்தை மட்டும் விடுவோம்.

இதை வாசிக்கிற, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. சனிக்கிழமை வயிற்றுவலி உங்களில் பலருக்கு வந்திருக்கும். உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் இரண்டு மொழியும் விளங்குகிறவர்கள் நீங்கள்தான். ஒரு வகுப்பில் உதவியாளராக வந்து இருங்கள். பின் வாங்கில் வாய் திறக்காமல் இருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். உங்கள் தமிழ் சுத்தமா என்று நான் கேட்க மாட்டேன்.

போன ஆவணியில் புதிய வகுப்பு தொடங்கியபோது, முதல் நாள் நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டேன். பாதிப் பேர் நோர்வே மொழியில்தான் சொன்னார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும், யாருக்கும் கேட்காமல் என் காதுக்குள், "நான் இஞ்ச வர விருப்பமில்லை" என்றாள். தமிழில்.

அந்தத் தாயின் தொலைபேசி இலக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பையனுக்கு இப்போது 12 வயது இருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைத் தாயிடமா, அவனிடமா, எந்த மொழியில் கேட்பது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.