வாத்து என்ன, குப்பைத் தொட்டியா?

வாத்து சாதுவான பிராணி. போட்டதைத் தின்னும். கோபித்துக்கொள்ளத் தெரியாது. அதனால்தான் அதற்கு அநியாயம் நடக்கிறது!

பல வீடுகளில் வாத்துக்குக் கிடைக்கும் தீனி எது? மிஞ்சிய சோறு. ஊசிப்போன குழம்பு. பூசணம் பிடித்த புண்ணாக்கு. "மாடு தொடாது, வாத்துக்குப் போடு" என்கிறார்கள். பிறகு, "முட்டை குறைந்துவிட்டது, குஞ்சுக்குக் கால் வளைந்துவிட்டது" என்று வருத்தப்படுகிறார்கள். குற்றம் வாத்தின் மேல் இல்லை. தீனிச் சட்டியில் இருக்கிறது!

வயலில் கிடைக்கும் விருந்து

தஞ்சை, செங்கல்பட்டுப் பக்கங்களில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டம் மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். அவை சிந்திய நெல்லைப் பொறுக்கும். நத்தையை விழுங்கும். புழு, பூச்சி பிடிக்கும். புல்லும் பாசியும் தின்னும். நெல்லில் பலம் இருக்கிறது. பூச்சியில் புரதம் இருக்கிறது. நத்தை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து. பச்சையில் வைட்டமின். எல்லாம் ஒரே வயலில்!

வீட்டில் அடைத்து வைத்த வாத்து எங்கே போய்த் தேடும்? நாம்தானே கொடுக்க வேண்டும்?

வெறும் சோறு ஆகாது

1890-ஆம் ஆண்டு வாக்கில் ஜாவா தீவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர் ஓர் அதிசயம் கண்டார். ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்தது. தீட்டாத அரிசி கொடுத்ததும் அவை எழுந்து நடந்தன! அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கோழிக்கே இப்படி என்றால், வாத்துக்கு? நயாசின் என்ற வைட்டமின், கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு அதிகம் தேவை. அது குறைந்தால் கால் வளையும். மீனில் அந்தச் சத்து உண்டு.

பூசணம் என்னும் விஷம்

1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மாண்டன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. காரணம், தீனியில் கலந்த கடலைப் புண்ணாக்கு! அதில் பிடித்த பூசணம் விஷத்தை உண்டாக்கியிருந்தது. அந்த விஷத்துக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். கொதிக்க வைத்தாலும் அது போகாது. பூசணம் பிடித்ததைக் குப்பையில் கொட்டுங்கள். வாத்துக்குப் போடாதீர்கள்!

என்ன கொடுக்கலாம்?

முட்டையிடும் வாத்துக்கு 10 பங்கு தீனியில், உடைத்த மக்காச்சோளம் அல்லது நொய் 6 பங்கு இருக்கட்டும். தவிடு 2 பங்கு, நல்ல கடலைப் புண்ணாக்கு 1 பங்கு, உப்பில்லாத மீன் தூள் 1 பங்கு சேருங்கள். இடித்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வையுங்கள். குஞ்சுகளுக்குக் கிளிஞ்சல் வேண்டாம்.

தீனியைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அப்போதைக்கப்போது கொடுங்கள். பக்கத்திலேயே 5, 6 அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் இருக்கட்டும். அலகை முக்கிக் கழுவாவிட்டால் தீனி மூக்கில் அடைத்துக்கொள்ளும்.

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கீரைத் தண்டுக்கும் வாய்க்கால் நத்தைக்கும் காசு கொடுக்க வேண்டுமா? தொட்டித் தண்ணீரில் அசோலா தானாகவே பெருகும். மீன் கழிவை அன்றன்றே வேகவைத்துக் கொடுக்கலாம். செலவு கொஞ்சம். கவனம்தான் அதிகம் வேண்டும்.

தாய்மார்களே! வாத்து தின்பதுதான் முட்டையாகிறது. அந்த முட்டையைத் தின்பது உங்கள் குழந்தை. தீனிச் சட்டியில் கை வைக்கும்போது இதை மறக்காதீர்கள்!