பாடுபட்டவன் பாட்டுக்கு வயதில்லை



தீபாவளிக்கு வந்த சினிமாப் பாட்டு பொங்கலுக்குள் பழசாகிப் போகிறது. ஆனால் 1970களில் நம் நாட்டில் தோன்றிய ஓர் இசைக்குழுவின் பாட்டை இன்றும் ஆட்கள் விரும்பிக் கேட்கிறார்கள். 'புளூஸ் கேங்' என்பது அந்தக் குழுவின் பெயர். பாடியவர் ஈத்தோ, கித்தார் வாசித்தவர் ஜூலியன் மொக்தார், பேஸ் கித்தார் வாசித்தவர் ஜிம் மாடசாமி. ஆம், நம்ம மாடசாமிதான்! அவர்களுடைய 'அப்போ நாக் டிகாத்தோ' என்ற பாட்டு நெகிரி செம்பிலான் பேச்சு மலாயில் அமைந்தது. கெடா மலாய் பேசிப் பழகிய நமக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் புதிது. ஆனாலும் பாட்டு தொடங்கியதும் கால் தானாகத் தாளம் போடுகிறது. ஏன் தெரியுமா?

புளூஸ் என்ற இந்த இசை பிறந்த இடத்தைச் சொன்னால் உங்களுக்கு விளங்கிவிடும். அது பிறந்தது ஒரு தோட்டத்தில். நமக்குப் பால்மரம், அவர்களுக்குப் பருத்திச் செடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் கறுப்பின மக்கள் அதே பருத்திக் காட்டில்தான் வேலை செய்தார்கள். நிலமும் விதையும் முதலாளியுடையவை. சாமான் அவர் கடையில் கடனாக வாங்க வேண்டும். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால், உழைத்தவன் பெயரில் கடன்தான் மிஞ்சும். கங்காணி காலத்துக் கதைகளை நம் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இது புதுக் கதையா?

அந்த மக்கள் வேலைக் களைப்பு தீர, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் கொடுத்துப் பாடினார்கள். அதிலிருந்து புளூஸ் வளர்ந்தது. அதன் அமைப்பு மிகவும் எளிது. ஓர் அடியைப் பாடுவார்கள். அதையே திரும்பவும் பாடுவார்கள். மூன்றாவது அடியில் அதற்கு ஒரு பதில் வரும். முதல் அடி துன்பம் என்றால், மூன்றாவது அடி பெருமூச்சாகவும் இருக்கலாம், கிண்டலாகவும் இருக்கலாம். நம் ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, சுற்றியிருக்கும் பெண்கள் சேர்ந்து கொள்கிறார்கள். கும்மியிலும் அப்படித்தானே?

புளூஸ் நிலைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான். அதில் பொய்ச் சோகம் கிடையாது. பாடுவதால் கடன் தீராது, போனவர் திரும்பி வரமாட்டார். ஆனால் ஒருவர் பாடி நால்வர் கேட்டால் துக்கம் ஐந்து பங்காகிறது. அந்தத் தேவை எந்தத் தலைமுறைக்கும் உண்டு.

இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். 1941இல் அலன் லோமாக்ஸ் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக் கொண்டு மிசிசிப்பியில் உள்ள ஸ்டோவல் பருத்தித் தோட்டத்துக்குப் போனார். அங்கே ஒரு தொழிலாளியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். பதிவைப் போட்டுக் காட்டியபோதுதான் தன் குரலின் அருமை அந்தத் தொழிலாளிக்கே தெரிந்தது. 1943இல் அவர் தோட்டத்தை விட்டு சிக்காகோ நகருக்குப் போனார். அவர்தான் பின்னாளில் உலகம் புகழ்ந்த மடி வாட்டர்ஸ். 1962இல் லண்டனில் சில வெள்ளைக்கார இளைஞர்கள் அவர் பாட்டு ஒன்றின் பெயரையே தங்கள் குழுவுக்கு வைத்துக் கொண்டார்கள். 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழு அதுதான். எழுபது வயதைத் தாண்டிய பிறகும், 2016இல், அவர்கள் பழைய புளூஸ் பாட்டுகளை மட்டுமே பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். பருத்திக் காட்டுப் பாட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்!

இப்போது நம் பக்கம் வருவோம். நம் தோட்டங்களிலும் பாட்டு இல்லையா? இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனதும், நிரையில் மரம் வெட்டியதும், ஆயாக்கொட்டாயில் பிள்ளையை விட்டு வந்ததும் பாட்டாகத்தானே வந்தன? இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புத் தாமான்களாகிவிட்டன. லயத்துப் பிள்ளைகள் சுங்கை பட்டாணி அடுக்குமாடியில் குடியிருந்து, பாக்கார் ஆராங் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். அது நல்லதுதான், முன்னேற வேண்டாமா? ஆனால் லயம் கலையும்போது லயத்துப் பாட்டும் கலைகிறது. வகுப்பில் "உங்கள் பாட்டிக்குப் பாட்டுத் தெரியுமா?" என்று கேட்டுப் பார்க்கிறேன். தெரியும் என்று கையைத் தூக்கும் பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள்.

நம்மைத் தேடி ஒரு லோமாக்ஸ் வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அவர் காரில் ஏற்றிக் கொண்டு போன கனமான கருவியின் வேலையை, இன்று உங்கள் சட்டைப் பையில் உள்ள கைத்தொலைபேசியே செய்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக் கொண்டு வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். தாலாட்டோ, ஒப்பாரியோ, கிராணியைக் கேலி செய்த பாட்டோ, எது வந்தாலும் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், யார் பாடியது, எந்த வருஷம் என்பதையும் குறித்து வையுங்கள். "எனக்கு எங்கே பாட வரும்!" என்று பாட்டி வெட்கப்பட்டால் விட்டுவிடாதீர்கள். பதிவைப் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவது பாட்டு தானாக வரும்.

அந்த முதல் பாட்டின் முதல் இரண்டு அடிகளை எழுதி நம் பக்கத்துக்கு அனுப்புங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம்.