பிடுங்க வேண்டாம், உருவுங்கள்



பழைய கணினிக்கு வைஃபை வேண்டுமென்றால் சில நூறு ரூபாயில் ஒரு யுஎஸ்பி டாங்கிள் வாங்கிச் செருகிவிடுகிறோம். அதைக் கழற்றும்போது மட்டும் பலருக்குக் கை தயங்குகிறது. பென் டிரைவுக்குச் செய்வதுபோல் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்தே ஆக வேண்டுமா?

பென் டிரைவ் சங்கதி வேறு. கணினி அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் கோப்பு கெட்டுப்போகும். வைஃபை டாங்கிளில் நம் கோப்பு எதுவும் இல்லை. டவுன்லோடோ வீடியோ காலோ ஓடவில்லை என்று பார்த்து, வைஃபையைத் துண்டித்துவிட்டு எடுத்தால் போதும்.

ஷாக் அடிக்குமோ, ஏதாவது எரிந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். சாதாரண யுஎஸ்பி செருகியின் வாய்க்குள் உற்றுப் பாருங்கள். நான்கு பொன்னிறப் பட்டைகள் இருக்கும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் நடுவில் உள்ளவற்றைவிடச் சற்று நீளம். ஓரப் பட்டைகள் மின்சாரத்துக்கு, நடுப் பட்டைகள் தகவலுக்கு. அதனால் செருகும்போது மின்சாரம் முதலில் சேரும். உருவும்போது கடைசியில் பிரியும். கணினியை அணைக்காமலே செருகவும் கழற்றவும் வேண்டும் என்பது 1996-ல் யுஎஸ்பி வந்த நாளிலிருந்தே உள்ள ஏற்பாடு.

அப்படியென்றால் டாங்கிள் எதனால் பழுதாகிறது? பெரும்பாலும் நம் கையால்தான். ஆண்டெனாவைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டி இழுக்கிறோம். டாங்கிளைக் கழற்றாமலே லேப்டாப்பைப் பைக்குள் திணிக்கிறோம். மேசைக்கு அடியில் இருக்கும் சிபியுவின் முன்பக்கத்தில் செருகிவிட்டு முழங்காலால் இடிக்கிறோம். டாங்கிள் போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம். போர்ட்டின் ஈயப்பற்று விட்டுப்போனால் மதர்போர்டிலேயே கைவைக்க வேண்டிவரும். ஆகவே உடல் பகுதியைப் பிடித்து, நேராக உருவுங்கள்.

டாங்கிளை நேரடியாகப் போர்ட்டில் செருகாமல், ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. இடியெல்லாம் கேபிளோடு போய்விடும், போர்ட் தப்பிக்கும். டாங்கிள் போர்ட்டைவிட்டுத் தள்ளி இருப்பதால் சிக்னலும் தேறும். யுஎஸ்பி 3.0 போர்ட்டிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனம் 2012-லேயே விளக்கியிருக்கிறது. பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் நெட் மந்தமானால் இதையும் சந்தேகப்படுங்கள்.

டாங்கிள் லேசாகச் சுடுவது இயல்பு. காற்றே புகாத மேசை அறைக்குள் வைத்தால்தான் வம்பு. எடுத்து வைக்கும்போது மூடி போட்டு வையுங்கள். அழுக்கேறிய செருகியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே செருகுங்கள். வயர்லெஸ் மவுஸின் நக அளவு ரிசீவர்தான் அடிக்கடி காணாமல் போகும். பல மவுஸ்களில் பேட்டரி மூடிக்குள்ளேயே அதற்கு ஒரு பள்ளம் உண்டு, பாருங்கள்.

உங்கள் கணினிக்கு வேறு என்ன தொல்லை என்று எழுதுங்கள். வரும் இதழ்களில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்